பிரதிகூலங்கள் ஐந்து

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தாம் ஆண்டு படிக்கிறாள். நான் நெடுங்காலம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதனால் எங்கள் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளுக்கு நான் பொதுச் சொத்து. அவள் விரல் வைத்துக் காட்டிய கேள்வி இதுதான்: பாலைநிலப் பிரதேசத்தில் விரைவாக வளர்ந்து பரவும் நகரொன்றில் வாழ்வதன் பிரதிகூலங்கள் ஐந்து தருக. ஒன்றுக்கு இரண்டு புள்ளி.

"நாலு எழுதிப்போட்டன் ரீச்சர். வெக்கை, தண்ணித் தட்டுப்பாடு, மணல் புயல், வாகன நெரிசல். அஞ்சாவது வருகுதில்லை."

"பின்னேரம் வா, யோசிச்சுச் சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டேன். புவியியல் ரீச்சருக்கு இதற்குப் போய் யோசனையா என்று அவள் நினைத்திருப்பாள். வயது போய்விட்டது என்றும் நினைத்திருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

உண்மையில் எனக்கு ஐந்தல்ல, இருபது தெரியும். நான் பாலைவனம் எதையும் கண்டதில்லை. அந்த இருபதும் ஒரே ஆளின் குரலில், ஒரு கசெற் றேடியோவுக்குள் இருந்து எனக்கு வந்தவை. அந்தக் குரல் ஒரு சீரான வேகத்தில் வந்ததுமில்லை. ஏன் என்று சொல்வதற்கு ஒரு சைக்கிளில் இருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் குரல் என் அண்ணையுடையது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்கு முன்னர் அவர் கொழும்பில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். ஆடிக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு சேட்டும் ஒரு குறடும். அம்மா அந்தக் குறட்டைப் பார்த்துத்தான் அழுதார், அவ்வளவு கலவரத்திலும் இவன் வேலைச் சாமானை விடவில்லையே என்று. அப்போது எனக்குப் பதினாலு வயது. அடுத்த வருடம் அண்ணை ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்துப் பாலைவன நகரம் ஒன்றுக்கு ஏசி திருத்தப் போய்விட்டார்.

அந்த நகரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் அதைச் சொன்னதேயில்லை. எங்கள் ஊர் உடுவிலில் எல்லாருக்கும் அது "சவூதி". அந்த நாடு முழுக்க ஒரே ஊர் என்பது போலவும், அண்ணை அதன் சந்தியில் நிற்பது போலவும் கதைப்போம். "சவூதியிலை மழையாமோ?" என்று ஐயா கேட்பார். வெங்காயத் தோட்டக்காரருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்.

அண்ணைக்குக் கடிதம் எழுத வராது. மூன்று வரியில் முடித்துவிடுவார். ஆனால் பேச விட்டால் நிறுத்தமாட்டார். ஆகவே கசெற் அனுப்பினார். முகம் துடைக்கும் துவாயில் சுற்றி, பக்கத்தில் ஒரு சவர்க்காரக் கட்டியும் வைத்து வரும். இன்றைக்கும் கடையில் அந்தப் பச்சைச் சவர்க்காரம் மணத்தால் எனக்கு "ஐயா, அம்மா, தங்கச்சி, நான் சுகம்" என்றுதான் கேட்கும். தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கத்தின் பொருள்தடையில் சவர்க்காரம் கண்ணால் காணாத சாமானாகி, பனம்பழம் கரைத்து உடுப்புத் தோய்த்த காலத்தில், அம்மா அந்தக் கட்டிகளைப் பாவிக்காமல் சீலைகளுக்கு நடுவே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "கிடக்கட்டும்" என்பார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் போனது. போனது என்றால் ஒரு நாள் இரு நாள் அல்ல, ஐந்தாறு வருடம். றேடியோவுக்குப் போடப் பற்றறியும் தடை. அப்போதுதான் சைக்கிள் வந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் கொழுவி, ஒருவர் பக்கத்தில் பலகை போட்டு இருந்து மிதியைக் கையால் சுற்ற வேண்டும். குடாநாடு முழுக்க அப்படித்தான் செய்தி கேட்டது. எங்கள் வீட்டில் சுற்றுவது அம்மா. ஐயாவுக்குத் தோட்டத்தில் கிண்டிக் கிண்டித் தோள் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பொறுமை இல்லை. நான் சுற்றினால் அண்ணை பேய்க்குரலில் தொடங்கிக் குருவிக்குரலில் முடிப்பார். அம்மா சுற்றினால் அண்ணை அண்ணையாகவே இருப்பார். அம்மா களைத்துப் போனால் மட்டும் அண்ணையின் பேச்சு இழுபடும்.

பதிவதற்கும் அதே முறைதான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அம்மா களைத்து மெல்லச் சுற்றும்போது பதிகிற பேச்சு, அங்கே ஒழுங்கான மின்சாரத்தில் போட்டால் கீச்சென்று உயர்ந்து கேட்குமாம். அண்ணை ஒரு கசெற்றில் சொன்னார்: "ஐயா கதைக்கத் தொடங்கேக்கை ஐயாதான். பத்து நிமிசத்திலை அணில் கத்துற மாதிரிக் கத்துறியள். அப்ப எனக்கு விளங்கும், அம்மா களைச்சுப்போனா எண்டு."

அம்மா எந்தக் கசெற்றிலும் பேசியதில்லை. சுற்றுகிறவர் எப்படிப் பேசுவது. "அம்மா சுகம், அம்மா சுத்துறா" என்று நான் சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுக் கசெற் எங்களுக்குக் கிடைக்காது. அண்ணை அனுப்பியதை நாலைந்து தரம் கேட்டுவிட்டு, அதன் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். கொழும்புக்குப் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்தால், அவர் இரவில் நேவியின் சூட்டுக்குத் தப்பிக் கிளாலிக் கடல் கடந்து கொண்டுபோய் வெள்ளவத்தை மாமியிடம் சேர்ப்பார். மாமி தபாலில் போடுவார். செக்பொயின்ற்றில் பிடித்துப் போட்டுப் பார்த்தால் சிக்கல் வரக்கூடாதென்று மேலே "தேவாரம்" என்று எழுதியிருக்கும். உள்ளேயும் முதல் இரண்டு நிமிடம் ஐயா தேவாரம் பாடுவார். ஐயாவின் தேவாரத்தைக் கேட்ட எந்தச் சிப்பாயும் அதற்கு மேல் கேட்டிருக்கமாட்டான்.

எங்கள் பதில் அவர் பேச்சைவிடக் குறுகியதாக இருக்கும். ஆகவே எங்கள் சத்தம் முடிந்ததும் அவருடைய பழைய பேச்சின் கடைசிப் பகுதி அழியாமல் கிடக்கும். "என்ரை வாலை எனக்கே திருப்பி அனுப்புறியள்" என்று சிரிப்பார். அவர் குரலை நாங்களே அழித்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. அடுத்தது வரத்தானே போகிறது.

அந்த நாட்களில் நான் மருதனார்மடத்துப் பக்கம் ஒரு ரியூற்றறியில் புவியியல் படிப்பித்தேன். கிடுகுக் கொட்டில், நாற்பது பிள்ளைகள், பக்கத்தில் பங்கர். பாலைநிலப் பாடத்துக்குப் புத்தகத்தில் ஒரு ஒட்டகப் படம் மட்டும் இருந்தது. "மணற்காட்டு மணல் திட்டியை நினையுங்கோ, அதை வானம் மட்டும் நீட்டுங்கோ" என்பேன். பிள்ளைகள் நீட்டினார்களோ தெரியாது. நகரம் பற்றிய பகுதிக்கு வந்தால் அண்ணையின் கசெற்றுகள் கைகொடுத்தன. அவரை நான் பாடக்குறிப்பாக ஆக்கிவிட்டேன் என்று சொன்னால் பிழையில்லை.

"தங்கச்சி, நான் வந்து இறங்கேக்கை எங்கடை அறைதான் ஊரின்ரை கடைசி. யன்னலைத் திறந்தா மணல். இப்ப திறந்தா முன்னாலை இன்னொரு யன்னல். எங்களைத் தூக்கி இன்னும் அங்காலை கொண்டுபோய் விட்டிருக்கிறாங்கள். திருப்பியும் மணல். இது மூண்டாந்தரம்." இது ஒரு கசெற்.

இன்னொன்றில்: "காலமை நாலரைக்கு எழும்பினா ஏழுக்குத்தான் வேலைத்தலம். ரெண்டரை மணித்தியாலம் கொம்பனி வானுக்குள்ளை. அவ்வளவு நேரம் உடுவிலிலை இருந்து சைக்கிள் மிதிச்சா, தொண்டைமானாறு போய் சந்நிதியிலை கும்பிட்டு அன்னதானமும் சாப்பிட்டிடலாம்."

பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதாம், தெரிந்துகொள்ளும்போது மாற்றிவிடுவார்களாம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாதாம். ஒரு வீட்டில் ஏசி திருத்திவிட்டு அடுத்த வருடம் போனால் அந்த வீதியே இல்லையாம், அதற்கு மேலால் பாலம் போகுமாம். அங்கே ஊர் விரிந்துகொண்டே போனது. இங்கே எங்களுக்கு ஊர் சுருங்கிக்கொண்டே வந்தது. காங்கேசன்துறை வீதியில் ஒரு இடத்துக்கு மேல் போக முடியாது, அதற்கு அங்கால் ஆமி. அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஒழுங்கையிலும் இருந்தது. அண்ணை வீதிகளைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்குப் பொறாமைதான் வந்தது.

கடைக் கதைதான் வகுப்பில் பேர்போனது. "றோட்டுக்கு அங்காலை ஒரு கடை கிடக்கு தங்கச்சி. பச்சை லைற். கட்டிலிலை இருந்து பாத்தாத் தெரியும். ஆனா போக ஏலாது. நடுவிலை எட்டு வரிசை றோட்டு. ஆள் கடக்க ஒரு இடமும் விடேல்லை. கார் வைச்சிருக்கிறவன் சுத்தி வருவான். நாங்கள் ஓடித்தான் கடக்கிறது. ஓட விருப்பமில்லாட்டி வெள்ளிக்கிழமை வான் வருமட்டும் பாண் இல்லை."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. எதிர்க்கடைக்குப் போகக் கார் வேணுமாம். நானும் சிரித்துக்கொண்டே கரும்பலகையில் எழுதினேன்: பாதசாரிகளுக்கு வசதியின்மை. பின்வாங்கில் இருந்த ஒருத்தி, "ரீச்சர், அப்ப ஏன் அவர் அங்கை இருக்கிறார்?" என்று கேட்டாள். "அது பாடத்திட்டத்திலை இல்லை" என்றேன். எனக்கு அப்போது அது கெட்டித்தனமான பதிலாகப் பட்டது.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் கொஞ்ச நாள் சண்டை நின்றிருந்தது. அந்த இடைவெளியில்தான் கடைசிக் கசெற் வந்தது. வழக்கம்போல வான், மணல், கடை எல்லாம் சொன்னார். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தார். அம்மா சுற்றுவதை நிறுத்திவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

"ஆனியோடை என்ரை ஒப்பந்தம் முடியுது. இன்னும் ரெண்டு வரியத்துக்கு எழுதச் சொல்லுறாங்கள். எனக்கு ஏலாமல் கிடக்கு. இஞ்சை ஒருத்தரும் அடிக்கேல்லை, வெருட்டேல்லை. சம்பளமும் தாறாங்கள். எண்டாலும் ஏலாமல் கிடக்கு. வரட்டோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வா எண்டால் வாறன்."

பிறகு ஏசிக்குள் மணல் போவதைப் பற்றி ஏதோ சொல்லி, வழக்கமான முடிவோடு முடித்தார்: "சரி, வைக்கிறன். அம்மாவைக் களைக்காமல் சுத்தச் சொல்லுங்கோ."

நாங்கள் இரண்டு நாள் அதைப் பற்றிக் கதைத்தோம். கதைத்தோம் என்றால் ஐயா கதைத்தார். ஊரில் உள்ள பெடியள் எல்லாம் எப்படி வெளியே போகலாம் என்று அலைகிறார்கள், இவன் உள்ளே வரப் பார்க்கிறான். சண்டை நின்றது எத்தனை நாளைக்கு. வந்தால் திரும்பிப் போக முடியுமா. ஐயா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நானும் அவர் பக்கம்தான். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பதிந்தோம். தேவாரம் முடிந்ததும் ஐயா வழக்கம்போல, "அன்புள்ள மகனுக்கு ஐயா எழுதிக்கொள்வது" என்று தொடங்கினார். பேசும்போதும் அவருக்குக் கடிதம்தான். "தம்பி, நீ கேட்ட விசயம். சண்டை நிண்டிருக்குத்தான். நம்பேலாது. வந்தா பேந்து வெளிக்கிட ஏலாது. இன்னும் ரெண்டு வரியம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

அடுத்தது நான். கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று நினைத்தேன். "அண்ணை, எதிர்க்கடைக்குப் போகக் கார் கேக்கிற ஆளை நான் இப்பதான் காணுறன். எட்டு வரிசை றோட்டுக்குப் பயமெண்டால், வந்து கிளாலியைக் கடந்து பாருங்கோ. பேந்து அந்த றோட்டை நடந்தே கடப்பியள்."

இப்படிச் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அப்போது அம்மா மிதியை விட்டுவிட்டு எழும்பினார். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, றேடியோவுக்குக் கிட்டக் குனிந்து, செவிப்புலன் குறைந்தவரிடம் பேசுவது போலக் கொஞ்சம் உரத்துச் சொன்னார்: "தம்பி, உனக்கு அங்கை ஏலாட்டில் நீ வந்திடு. இருக்கிறதைச் சாப்பிடுவம்."

சைக்கிள் சில்லு நின்றிருந்தது. கசெற்றும் நின்றிருந்தது. சிவப்பு லைற் அணைந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நீங்கள் சுத்தினாத்தானே அது பதியும்." ஐயாவும் சிரித்தார். அம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். "நான் சுத்துறன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ" என்று நான் பலகையில் போய் இருந்தேன்.

"விடு பிள்ளை. ஐயா சொல்லிப்போட்டார்தானே. ஆளுக்கொண்டு சொன்னா அவன் குழம்பிப்போவான்" என்றார். என்னை எழுப்பிவிட்டு மிதிக்குப் போனார். நான் இன்னும் இரண்டு வார்த்தை, மாட்டைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ, பேசி முடித்தேன்.

சித்திரையில் சண்டை திரும்பவும் தொடங்கியது. "பாத்தியோ, நல்ல காலம் வரச் சொல்லேல்லை" என்றார் ஐயா. ஆனி மாதம் வெள்ளவத்தை மாமியின் கடிதம் வந்தது. அண்ணை வீதியைக் கடக்கும்போது ஒரு வாகனம் அடித்து, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாம். எதிர்ப்பக்கக் கடைக்குப் போனாராம். அறையில் கூட இருந்த ஒருவர் மாமிக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். உடல் கொழும்புக்கு வந்து, மாமி வீட்டுக்காரரே எல்லாம் செய்து முடித்து, அதற்கும் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் எங்களுக்குக் கடிதம் கிடைத்தது. எட்டாம் நாள் செய்கிற எட்டுச்செலவுக்கான நாளும் கடந்திருந்தது. ஐயா நாளெண்ணிப் பார்த்துவிட்டு விரலை மடக்கினார். என்ன வாங்கப் போனான் என்று அம்மா என்னிடம் இரண்டு மூன்று தரம் கேட்டார். கடிதத்தில் அது இருக்கவில்லை.

நான் அடுத்த நாள் ரியூற்றறிக்குப் போனேன். அன்றைக்குப் பாடம் அயனமண்டலக் காடுகள். படிப்பித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. இப்போதும் இதை எழுதும்போது கை சும்மா எழுதிக்கொண்டு போகிறது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

ஆவணிக் கடைசியில் கசெற் திரும்பி வந்தது. எங்கள் கசெற். சண்டையால் பிந்தித்தான் அது மாமியிடம் போயிருந்தது; மாமி அனுப்பி, அங்கே போய்ச் சேரும்போது அண்ணை இல்லை. கூட இருந்தவர் உறையை உடைக்காமல் அப்படியே திருப்பியிருந்தார். மேலே என் கையெழுத்தில் "தேவாரம்". நான் சொன்ன பகிடியை அண்ணை கேட்கவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கும்.

அதைப் போட்டுக் கேட்போம் என்று ஐயா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அலுமாரிக்குள் சவர்க்காரக் கட்டிகளோடு வைத்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது. அம்மா பக்கத்தில் பலகையில் இருக்கிறார். ஐயா தோட்டத்தில்.

"செயினுக்கு எண்ணெய் விட்டனான்" என்றார் அம்மா.

டைனமோ வயர் றேடியோவில் கொழுவியபடி இருந்தது. புத்தகங்களை உள்ளே வைத்துவிட்டு வந்து சைக்கிளை நிமிர்த்தப் போனேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பிள்ளை, நான் சொன்னது அதிலை இல்லை என்ன?"

"ஓம் அம்மா. பதியேல்லை."

"ம்" என்றார். எழும்பி அடுப்படிக்குப் போனார்.

ஐப்பசி முடிவில் ஆமி முன்னேறி வர, எங்கள் பக்கம் வலிகாமமே வெளிக்கிட்டது. சைக்கிளில் அரிசியும் உடுப்பும் கட்டித் தென்மராட்சிக்கு நடந்தோம். கசெற்றை அம்மா தன் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். றேடியோவை விட்டுவிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் றேடியோவும் இல்லை, யன்னல் கதவும் இல்லை. பிறகு ஐயா போனார், பிறகு அம்மா. அம்மா சாகும்வரை அந்தக் கசெற்றைப் பற்றி இன்னொரு சொல் பேசவில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னபடி வந்தாள். "வீதியைக் கடக்க வழியில்லை எண்டு எழுது" என்றேன்.

"இதெல்லாம் ஒரு பிரதிகூலமோ ரீச்சர்?"

"எழுது. புள்ளி தருவினம்."

அவள் எழுதிக்கொண்டு போனாள். இப்போது எங்கள் ஒழுங்கையில் டைனமோ உள்ள சைக்கிள் ஒன்றும் இல்லை. சைக்கிளே இரண்டுதான். பழைய கசெற்றுகளைக் கைத்தொலைபேசிக்கு ஏற்றித் தருகிற கடை யாழ்ப்பாணத்தில் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். போகலாம் என்றுதான் இருக்கிறேன். அதில் ஐயாவின் தேவாரம் இருக்கும். இரண்டு வருடம் பொறு என்பது இருக்கும். நான் சொன்ன பகிடி இருக்கும். கடைசியில் அண்ணையின் வால் கொஞ்சம் இருக்கும், அம்மாவைக் களைக்காமல் சுற்றச் சொல்லி. வா என்று அம்மா சொன்னது மட்டும் இருக்காது. அந்த இடத்தில் சில்லு நின்று திரும்பவும் தொடங்குகிற ஒரு கீச்சுச் சத்தம் வரும். அது என்னவென்று தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான்.